செல்லி அவனைக் கூப்பிடவில்லை

"ஏனுங்க, கதையை ஒரே வரியில சொல்லுங்க பாக்கலாம்."

கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்த தேன்மொழி கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கியிருந்தது. எதிரில் இருந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய அடிப்பகுதி மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் வெள்ளை. அது நடுப்பகல் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அவள் பாதத்துக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"எந்தக் கதையை?"

"நம்ம கதையத்தானுங்க. நாவலு."

'நம்ம கதை' என்று அவள் சொன்னது அன்றுதான் முதல் முறை. அதுவரை அது அவளுடைய கதை. நான் வேளாண்மைத் துறை ஆள். உரம், விதை, மானியம், பயிர்க் கணக்கு தவிர ஒரு வரி எழுதியவன் இல்லை.

"ஒரு பொம்பள புருஷனைத் தேடிப் போறா," என்று ஆரம்பித்தேன். "அவன் ரிக் வண்டியில வேலைக்குப் போனவன். ரெண்டு வருஷமாச் சேதி இல்ல. அவ மலையை உட்டே இறங்காதவ. மொத மொதல்ல பஸ் ஏறி..."

"ஒரு வரிங்க."

"அத்தனையும் ஒரு வரியில எப்படி அடங்கும்?"

"அடங்கோணும். அடங்கலைன்னா கதை என்னான்னு நமக்கே தெரியலைன்னு அர்த்தம்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். அப்போதெல்லாம் ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் அந்த இடைவெளி தேவைப்பட்டது. "எழுதிக்குங்க. திருப்புலி நாட்டுச் செல்லி, காணாமப் போன புருஷனைத் தேடிக் கீழ இறங்கறா. அவனைக் கண்டும் கூப்பிடாம மலையேறிடறா."

எழுதினேன். முதல் படி முடிந்தது என்றாள்.

பாதியில் நின்றவை

கொல்லிமலையில் நான் வேலை பார்த்த ஆண்டுகளைப் பற்றி இந்தத் தொடரில் இத்தனை வாரம் எழுதிவிட்டேன். தேன்மொழியைப் பற்றி அதிகம் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இனித் தள்ள முடியாது.

மலையில் ஊராட்சிகளை 'நாடு' என்பார்கள்; அவள் குண்டூர் நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவளுக்குப் பேளுக்குறிச்சி சொந்த ஊர். எனக்கு அதற்குப் பக்கத்தில். இரண்டு குடும்பமும் சொந்த நிலத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் கடலையும் போடுகிற குடும்பம். கல்யாணமான புதிதில் இருவருக்கும் மலையில் வேலை கிடைத்தபோது, "கொஞ்ச நாள்ல கீழ மாத்திக்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். மாற்றல் வந்தபோதெல்லாம் நாங்கள்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகள் இல்லை. குளிர் பழகிவிட்டது.

அவளுக்கு நாவல் எழுத வேண்டும் என்று எப்போதும் ஆசை. கோடை விடுமுறை தொடங்கியதும் ஆரம்பிப்பாள். முதல் சில நாள் முகமே வேறாக இருக்கும். சோறு வடிக்கும்போது தானாகச் சிரிப்பாள். பிறகு ஒரு நாள் காகிதத்தையெல்லாம் எடுத்துக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, "எங்க போறதுன்னு தெரியலீங்க" என்பாள். அந்த வருடத்து நாவல் அத்தோடு முடிந்தது.

ஒரு தடவை, எழுதியதைப் படிக்கட்டுமா என்று கேட்டேன். "பாதிக் கொழம்ப எறக்கி வெச்சு ருசி பாக்கச் சொல்றதுங்களா?" என்று மறுத்துவிட்டாள்.

இருமல் வந்தது அப்படியொரு கோடையில்தான். மலைக்குளிர் என்று நினைத்தோம். சேலத்தில் பார்த்தபோது நுரையீரல் என்றார்கள். அங்கே மருத்துவமனை வராந்தாக்களில் நான் கழித்த காலத்தைப் பற்றி எழுத மனமில்லை. கடைசியில் ஒரு டாக்டர், நல்ல மனிதர், என் தோளில் கை வைத்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, எது கேட்டாலும் செஞ்சு குடுங்க" என்றார்.

அவள் கேட்டது இந்த நாவலைத்தான்.

ஜோஸ்பின் டீச்சரின் வகுப்பு

தேன்மொழியோடு வேலை பார்த்தவர் ஜோஸ்பின் டீச்சர். திண்டுக்கல் பக்கம். மலைக்கு வந்த நாளிலிருந்து மாற்றலுக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் எங்கள் குடியிருப்புக்கு வருவார். அவர்தான் தம் கைப்பேசியில் வந்த ஒரு வகுப்பைக் காட்டினார். நாவலைப் படிப்படியாகத் திட்டமிட்டு எழுதி முடிப்பது எப்படி என்று ஒரு அம்மாள் பாடம் நடத்தினார். நல்ல நிதானமான குரல்.

முதலில் கதையை ஒரு வரியாகச் சுருக்க வேண்டும். அந்த வரியை ஒரு பத்தியாக விரிக்க வேண்டும்: தொடக்கம், அதன்மேல் வரும் இக்கட்டுகள், முடிவு. பிறகு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம். அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. அதன் பிறகு பத்தியின் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பத்தியாகும், பத்தி பக்கமாகும். கடைசியில் காட்சிகளைத் தனித்தனித் தாளில் குறித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போக வேண்டும்.

எனக்கு அது எங்கள் துறையின் சாகுபடிக் குறிப்பு மாதிரி இருந்தது. நிலத்தை உழு, தொழுவுரம் இடு, விதை நேர்த்தி செய், இத்தனை நாளில் களை எடு. அதைச் சொல்லி நான் சிரித்தேன்.

தேன்மொழி சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, ஜோஸ்பின் டீச்சர் போன பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"இதுதானுங்க எனக்கு வேணும். முழுசா எழுத எனக்குக் காலமில்லை. திட்டத்தை முடிச்சு வெச்சுட்டா, யாரு வேணும்னாலும் எழுதிரலாம்."

"யாரு எழுதுவா?"

"நீங்கதான்."

"எனக்கு எழுத வராது, தேனு."

"வராதவங்களுக்குத்தானுங்க படிப்படியாச் சொல்றாங்க."

எது கேட்டாலும் செய்யுங்கள் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். சரி என்றேன்.

சாமைத் தாள்கள்

எங்கள் அலுவலகத்தில் பழைய துண்டு அறிக்கைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு பக்கம் சாமை சாகுபடி பற்றி அச்சிட்டிருக்கும், மறுபக்கம் வெறுமை. அவற்றைக் கொண்டுவந்தேன். ஒரு தாளுக்கு ஒரு காட்சி. அவள் சொல்வாள், நான் எழுதுவேன். கட்டில்மேல் பரப்பி வைத்து, இதை அங்கே மாற்றுங்கள், அதைத் தூக்கிவிடுங்கள் என்று விரலால் காட்டுவாள். காற்றில் ஒரு தாள் பறந்தாலும் பதறுவாள்.

காட்சி என்றால் இரண்டே வரிதான். 'செல்லி பஸ்ஸில் அடிவாரக் காரவள்ளிக்கு இறங்குகிறாள். வழியெல்லாம் வாந்தி. பக்கத்து சீட்டுக்காரி எலுமிச்சம்பழம் தருகிறாள்.' அவ்வளவுதான்.

ரிக் வண்டிகளைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகள் அவை. எங்கள் மாவட்டத்திலும் அதைச் சுற்றியும் இருந்து வடக்கே எங்கெங்கோ போகும். அதில் வேலைக்கு ஏறுகிற ஆட்கள் மாதக்கணக்கில் வண்டியிலேயே சமைத்து, வண்டிக்கு அடியிலேயே தூங்கி, காதடைத்துத் திரும்புவார்கள். சிலர் திரும்புவதில்லை. தேன்மொழியின் பள்ளியில் அப்படி அப்பா திரும்பாத பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் கையெழுத்துப் போட வரும்போது அவள் பேசிப் பேசிக் கேட்டு வைத்ததுதான் இந்தக் கதை.

அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. ஒரு நாள், நீ சொல்வதைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளட்டுமா, வசதியாக இருக்கும் என்றேன்.

"வேண்டாமுங்க," என்றாள். "இந்தக் கொரலை வெச்சுக்காதீங்க. இது என் கொரலு இல்ல."

ஒரு வாக்குவாதம்

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. கடைசிக் காட்சியைப் பற்றி.

செல்லி மொழி தெரியாத ஊர்களிலெல்லாம் விசாரித்துத் திரிந்து, ஏதோ ஒரு நெடுஞ்சாலையோர ஊரில் அவனைப் பார்த்துவிடுகிறாள். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். இந்தப் பக்கம் இவள். தாளில் தேன்மொழி சொல்லி நான் எழுதியது இது: 'செல்லி அவனைப் பார்க்கிறாள். கூப்பிடவில்லை. திரும்புகிறாள்.'

"எதுக்குக் கூப்பிடலை?" என்று கேட்டேன்.

"அது அப்படித்தானுங்க."

"அப்படித்தான்னா? படிக்கறவன் கேக்க மாட்டானா? இத்தன பாடுபட்டுப் போனவ, ஒரு சத்தம் குடுத்தாத் திரும்பிப் பாக்கற தூரத்துல நிக்கறவனைக் கூப்பிடாம வந்தா, கிறுக்கின்னு சொல்ல மாட்டானா?"

"நீங்க எழுதறப்பத் தெரியும்."

"எனக்குத் தெரியாது தேனு. நீ சொல்லு. அந்தப் பாடத்துலயே இருக்குதில்ல, அவளுக்கு என்ன வேணும்னு எழுதோணும்னு."

"எழுதித்தானே வெச்சுருக்கோம். எடுத்துப் பாருங்க."

செல்லிக்கான பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'வேண்டியது: அவனை ஒருமுறை பார்ப்பது' என்றிருந்தது. என் கையெழுத்துதான்.

"கூட்டிட்டு வாரது வேண்டாமா அவளுக்கு?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். இருமல் வந்துவிட்டது. நெடுநேரம் நிற்கவில்லை. நின்ற பிறகு, வியர்த்த முகத்தோடு, "இப்பச் சொன்னா அதையே வெளக்கமா எழுதி வெச்சுருவீங்க. வெளக்கம் எழுதறது ஆபீசு வேலைங்க," என்றாள்.

கோபத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். முற்றத்தில் பனிக்குள் நின்றேன். எனக்குச் செல்லியின் மேல் கோபமில்லை என்று எனக்கே தெரிந்துதான் இருந்தது.

திரும்பவும் கேட்கவில்லை. அவளுக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. தாள்கள் எல்லாம் வரிசையானதும், அவற்றை என் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, பார்த்தபடி இருந்தாள். "இனி நடுவுல நிக்காதுங்க," என்றாள். அவள் முகத்தில் அன்று அந்தப் பழைய கோடை விடுமுறைக் களை இருந்தது.

காப்பி பூத்த சமயத்தில் தேன்மொழி போய்விட்டாள். மலை முழுக்க அந்த வெள்ளைப் பூவின் வாசம். பேளுக்குறிச்சிக்குக் கொண்டுபோன வண்டிக்குள்ளும் கடைசி வளைவு வரைக்கும் அது இருந்தது.

திரும்பிப் பார்க்காமல்

காரியங்கள் முடிந்து மலைக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

விடியற்காலையில் எழுந்து, கடுங்காப்பி போட்டுக்கொண்டு, அன்றைய தாளை எடுத்து மேசைமேல் வைப்பேன். அலுவலக ஜீப் வரும்வரை எழுதுவேன். அந்த வகுப்பு அம்மாள் சொன்னது பொய்யில்லை. எழுதத் தெரியாதவனுக்கும் வாக்கியங்கள் வந்தன. செல்லி பஸ் ஏறினாள். வாந்தி எடுத்தாள். எலுமிச்சம்பழத்தை மோந்தாள். ரிக் வண்டி முதலாளியின் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தாள். ரயிலில் தரையில் உட்கார்ந்து போனாள். தாளில் இருந்த இரண்டு வரி என் மேசையில் நாலு பக்கமானது.

ஆனால் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. எழுதும்போது அவள் பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். இந்த இடத்தில் தேனு என்ன சொல்லுவாள் என்று நிறுத்திக் கேட்பேன். அறையில் குழாய் சொட்டுகிற சத்தம்தான் கேட்கும். திட்டத்தில் யார் எங்கே போகிறார்கள், எப்போது அழுகிறார்கள் எல்லாம் இருந்தது. அவள் பேசுகிற விதம் இல்லை. சோறு வடிக்கும்போது எதை நினைத்துச் சிரித்தாளோ, அது எந்தத் தாளிலும் இல்லை.

ஆரம்பத்தில் ஜோஸ்பின் டீச்சர் வந்து கேட்பார். "இன்னிக்கு எந்தக் காட்சி சார்?"

சொல்லுவேன். "நல்லா வந்திருக்கா சார்?"

"வந்திருக்குது டீச்சர். ஆனா நான் எழுதுன மாதிரிதான் இருக்குது."

அவர் தாம் கொண்டுவந்த கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவார். பிறகு அவர் கேட்டுக்கொண்டிருந்த மாற்றல் கிடைத்துவிட்டது. போகும் நாளில் என் வாசலில் நின்று அழுதார். தேன்மொழிக்காக அழுதாரா, இத்தனை வருடம் கழித்து ஊருக்குப் போகிற சந்தோஷத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அதன் பிறகு எந்தக் காட்சி என்று கேட்கவும் ஆளில்லை.

கடைசித் தாளுக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் நின்றேன், மாதக்கணக்காக.

செல்லி ஏன் கூப்பிடவில்லை? அவன் பக்கத்தில் வேறொரு பெண்ணை நிறுத்திப் பார்த்தேன். தோளில் ஒரு குழந்தையை உட்கார வைத்துப் பார்த்தேன். அவனுக்கு ஒரு காலை எடுத்துவிட்டுப் பார்த்தேன். எல்லாம் கேவலமாக இருந்தது. தேனு இருந்திருந்தால் கிழித்து அடுப்பில் போட்டிருப்பாள், நானே போட்டேன்.

ஒரு நாள் விடியலில், நடப்பது நடக்கட்டும் என்று செல்லியைக் கூப்பிட வைத்துவிட்டேன். சாலை நடுவே லாரிகள் போகிற இரைச்சலில் அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ள என்னிடம் ஒரு சொல்கூட இல்லை. ஜீப் வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் அந்த இரண்டு பேரும் சாலையின் இரு பக்கமும் அப்படியே நின்றார்கள். நானும் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

அந்தப் பக்கத்தையும் கிழித்தேன். மறுநாள், தாளில் இருந்தபடியே எழுதினேன். பார்த்தாள். கூப்பிடவில்லை. திரும்பினாள். காரணம் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

முற்றுப்புள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏதாவது வரும் என்று பார்த்தேன். அழுகையாவது வரும் என்று. காப்பி ஆறிக் கிடந்தது. எழுதிக்கொண்டிருந்தவரைக்கும் அவள் சொல்லிவிட்டுப் போன வேலை ஒன்று மீதமிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அச்சுப் போடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். இந்தத் தொடரைக் கேட்டு வாங்கிய ஆசிரியரும் கேட்டார். யார் பெயரில் போடுவது? வாக்கியமெல்லாம் என்னுடையது, அதற்கு மேல் அவள் பெயரைப் போட எனக்குக் கூசியது. கதை அவளுடையது, அதற்கு மேல் என் பெயரைப் போடக் கை வரவில்லை. அது அப்படியே இருக்கிறது.

பேளுக்குறிச்சியில்

ஒரே ஒருவருக்கு மட்டும் அதைப் படித்துக் காட்டினேன். தேன்மொழியின் அம்மாவுக்கு.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. தேன்மொழி படுத்திருந்த காலத்தில் சந்தை முடிந்ததும் காய்கறிப் பையோடு பஸ் ஏறி மலைக்கு வந்துவிடுவார். மகள் சொல்லச் சொல்ல நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாடு கன்று இருப்பதால் கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாரேன் சாமி" என்று மகளின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போவார்.

நாவல் முடிந்தது என்று கேள்விப்பட்டு அவரே போன் செய்தார்.

"தேனு எழுதச் சொன்னது முடிஞ்சிருச்சாமுங்களே மாப்ள?"

"முடிஞ்சுதுங்க அத்தை."

"ஊட்டுக்குக் கொண்டாங்க. படிங்க, நான் கேக்கறேன்."

லீவு போட்டுவிட்டுப் போனேன். மத்தியான வேளைகளில் படித்தேன். அத்தை முன்னால் முறத்தில் கடலைக்காயைக் கொட்டிக்கொண்டு உடைத்தபடி கேட்டார். காய் உடைகிற சத்தத்துக்கு இடையில் படிப்பது எனக்குப் பழகிவிட்டது. செல்லி பஸ்ஸில் வாந்தி எடுத்த இடத்தில், "அட பாவமே," என்று சிரித்தார். ரயிலில் தரையில் உட்கார்ந்து போன இடத்தில், "பொம்பளப் புள்ள ஒத்தையில," என்று உச்சுக்கொட்டினார். நன்றாகத்தான் கேட்டார்.

கதையில் ஒரு டீச்சர் வருவாள். செல்லிக்கு ஒரு விலாசத்தைப் படித்துச் சொல்ல மட்டும். அந்த இடம் வந்தபோது கடலைக்காய் உடைகிற சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இந்த டீச்சரு மறுக்கா வருவாங்களா மாப்ள?"

"வர மாட்டாங்க அத்தை. இந்த ஒரு எடத்துலதான்."

"சரிங்க. படிங்க."

முறத்தை இழுத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு உடைத்தது குறைவு.

மூன்றாவதோ நாலாவதோ மத்தியானத்தில் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். செல்லி பார்த்தாள், கூப்பிடவில்லை, திரும்பினாள். தாளைக் கீழே வைத்தேன். ஏன் கூப்பிடவில்லை என்று அத்தை கேட்டால் என்ன சொல்வது என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன்.

அவர் அதைக் கேட்கவில்லை.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க அத்தை."

கையைத் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது.

"நல்லாத்தானுங்க இருக்குது," என்றார். "நான்தான் அவ எப்ப வருவா, எப்ப வருவான்னு பாத்துட்டே இருந்துட்டனுங்க மாப்ள."

இது தேனு சொன்ன கதை, தேனுவைப் பற்றிய கதை இல்லை என்று நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. விடியலுக்கு விடியல் மேசைக்கு முன்னால் நான் உட்கார்ந்ததும் அவள் எப்போது வருவாள் என்று பார்த்துத்தான்.

அத்தை எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். நான் தாள்களை அடுக்கினேன். எல்லாவற்றிலும் பக்க எண் போட்டிருந்தேன். அதிக நேரம் ஆகவில்லை.